துண்டுக்குள்ள எத்தனை விரல்?

வாப்பா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்கு வந்து மூணு நாளாச்சு. மாரியம்மனைக் கும்பிட்டியோ இல்லையோ, செல்போனை மட்டும் நேரம் தவறாமக் கண்ணுல ஒத்திக்கிற. பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்குக் கண்ணுல புரைன்னு ஒங்கப்பன் சொல்லியிருப்பான். அது பஸ் போர்டு படிக்கத்தான் தடை. பக்கத்துல கெடக்கிற களவாணித்தனம் நல்லாவே தெரியுது.

ஒன் விசிட்டிங் கார்டை அப்பத்தா சாமி படத்துக்கு அடியில சொருகி வெச்சிருக்கா. 'ஃபவுண்டர் அண்ட் சிஇஓ'. கம்பெனியில எத்தனை ஆளுன்னு கேட்டேன். பதினொண்ணுன்னா ஒன் தங்கச்சி. நான் கமிஷன் கடை நடத்துன காலத்துல மூட்டை தூக்க மட்டும் பதினாலு பேர் நின்னாக. என்னைய 'வத்தக்கடைக்காரர்'னுதான் கூப்பிட்டாக. கார்டு அடிக்கத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா வட்டிக்காரன் கொஞ்சம் மரியாதையா வந்து நின்னிருப்பான்.

நேத்து ராத்திரி மொட்டை மாடியில நீ போன் பேசினதைக் கேட்டேன். வேணும்னு கேக்கல. காத்தாடப் படுத்திருந்தேன், காதைக் கழட்டியா வெக்க முடியும்? மொதல்ல பணம் போட்டவர் பேசினாரு. 'சூப்பராப் போகுது சார்'ன. பொறவு ஆபீஸ் பையன். 'சூப்பராப் போகுது ப்ரோ.' ஒங்கம்மா படியில நின்னு எட்டிப் பார்த்தா. 'சூப்பராப் போகுதும்மா.' இம்புட்டு சூப்பராப் போற கம்பெனிக்காரன் ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணித் தொட்டியைச் சுத்தி எதுக்குடா நடக்கணும்? தொட்டிக்குள்ள யூனிகார்னா வளக்கிற?

அந்த யூனிகார்ன் கதையும் ஒன் தங்கச்சி போன்ல படிச்சுக் காட்டினா. நூறு கோடி டாலர் மதிப்பு வந்த கம்பெனிக்கு 2013-ல அமெரிக்காவுல ஒரு அம்மா வெச்ச பேராம், ஒத்தைக் கொம்புக் குதிரை. உலகத்துலயே இல்லாத மிருகத்தோட பேரைத் தேடி எடுத்து வெச்சிருக்காக பாரு, அந்த அம்மா வெவரமான மனுசி.

நீ மறைச்சுப் பேசினதைக் கேட்டதும் எனக்கு வேறொரு எடம் ஞாபகம் வந்துச்சு. மதுரையில பஸ் ஸ்டாண்டுக்கு மாட்டுத்தாவணின்னு பேரு. தாவணின்னா நீ பாவாடை தாவணின்னு நெனச்சிருப்ப. அது மாட்டுச் சந்தைடா. அந்த மாதிரிச் சந்தையில தரகர் வாயால வெலை பேச மாட்டாரு. தோள்ல கெடக்கிற துண்டை எடுத்துக் கையை மூடுவாரு. வாங்குறவன் துண்டுக்குள்ள கையை விடணும். விரலைப் பிடிக்கிற கணக்குலதான் வெலை. சுத்தி நூறு பேரு நிப்பான், ஒருத்தனுக்கும் தெரியாது. மொகத்துல மட்டும் ரெண்டு பேரும் மழை பெய்யுமான்னு பேசிக்கிட்டிருப்பாக. வியாபாரத்துல துண்டு தேவைதான், நான் இல்லைங்கல. ஆனா தரகர்கூட சாயங்காலம் கணக்கு முடிஞ்சதும் அந்தத் துண்டை ஒதறி மூஞ்சியைத் தொடச்சுக்குவாரு. நீ படுக்கும்போதும் கைமேல துண்டைப் போட்டுக்கிட்டே படுக்கிற.

ஒன் பக்கத்து நியாயமும் எனக்குப் புரியுது. பணம் போட்டவர்கிட்ட உள்ளதைச் சொன்னா அடுத்த தவணை ஃபண்டிங்குக்கு யோசிப்பாரு. ஆபீஸ் பையன்கிட்டச் சொன்னா அன்னிக்கே பயோடேட்டாவைத் தூசி தட்டுவான். ஒங்கம்மாகிட்டச் சொன்னா சுகர் ஏறும். கட்டிக்கப் போற பொண்ணுகிட்டச் சொன்னா... அதை விடு, நீயே இன்னும் சொல்லல போலருக்கு. அம்புட்டும் நியாயமான காரணம். அதுலதான் மாட்டிக்கிற. காரணமில்லாத பொய்யின்னா மனசு உறுத்தும்; நியாயமான பொய்யி பழகிப்போகும். கடைசியில ஒனக்கு நீயே 'சூப்பராப் போகுது'ன்னு போன் போட்டுச் சொல்லிக்குவ.

எனக்கும் போட்டுக்கிட்ட அனுபவம் உண்டு, போன் இல்லாமலே. 1983-ல நானூறு மூட்டை மொளகா வத்தல் பிடிச்சேன். வெலை ஏறும்னு ஒரு நெனப்பு. வெலைக்கு என் நெனப்பு தெரியாதுல்ல, எறங்கிருச்சு. பேப்பர்ல விருதுநகர் மார்க்கெட் நிலவரம் போடுவான் பாரு, அதை நான் வாசிக்காமலே மடிச்சு வெப்பேன். கிட்டங்கியில வத்தல் வெளுத்துச் சண்டாகிக்கிட்டு வருது. நான் வெள்ளை வேட்டியை மடிப்புக் கலையாமக் கட்டிக்கிட்டு, 'தேவலாம்ணே'ன்னு சொல்லிக்கிட்டுத் தெருவுல போறேன். மூணு மாசம். ஒங்க அப்பத்தா கேட்டா வள்ளுன்னு விழுவேன்.

ஒரு நாள் விடியக்காலம் டீக்கடையில எதிர்க்கடைக்காரர் பக்கத்துல உக்காந்தாரு. நமக்குப் போட்டி, ரெண்டு தலைமுறையா மொகம் பார்த்துப் பேசினதில்ல. 'எத்தனை மூட்டை கெடக்கு?'ன்னாரு. 'ஒரு அம்பது இருக்கும்'னேன். அவரு டீயை ஆத்திக்கிட்டே சொல்றாரு: 'நமக்கு ரெண்டு பேருக்கும் மூட்டை தூக்குறவன் ஒருத்தன்தாம்ப்பா. நானூறு. எங்கிட்ட எழுநூறு கெடக்கு.' கிளாஸைக் கீழ வெச்சேன், கை நடுங்கிச் சிந்திருச்சு. பொறவு அவரே கொல்லத்துல ஒரு வியாபாரி பேரைச் சொல்லி, ரெண்டு பேர் சரக்கையும் ஒரே லாரிக் கணக்குல அனுப்புனோம். நட்டந்தான். இருந்தாலும் அன்னிக்கு மத்தியானம் நான் ரெண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கினேன்னு ஒங்க அப்பத்தா இன்னைக்கும் சொல்லுவா.

அந்த ஆளு எனக்குப் புத்திமதி ஒண்ணும் சொல்லல, கவனி. தன் மூட்டைக் கணக்கைச் சொன்னாரு. அம்புட்டுத்தான்.

இந்த ஊரே அப்படி எழுந்த ஊருதான். விருதுநகருக்கு விருதுபட்டின்னு பேரு இருந்த காலத்துல வியாபாரிக மாட்டு வண்டியில சரக்கு ஏத்திப் போவாக. வழியில களவு. அதுக்காக ஊருக்கு ஊரு பேட்டை கட்டினாக. சுத்துச் சுவரு, உள்ள வண்டி நிறுத்த எடம், படுக்க எடம். சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம்னு வரிசையா. எந்தக் காசுல கட்டினாக? மகமை. சரக்குக்கு இம்புட்டுன்னு நல்லா ஓடுற நாள்லயே பொதுவுல போட்டு வெச்சது. அந்த மகமைதான் பள்ளிக்கூடம் கட்டுச்சு, கெணறு வெட்டுச்சு. 1889-ல இங்க சத்திரிய வித்யாசாலா பள்ளி வந்தப்ப, வீட்டுக்கு வீடு பொம்பளையாளுக ஒலையில போடுற அரிசியில ஒரு பிடியை எடுத்து வெச்சு அதை நடத்தினாக. காமராசர் படிச்ச பள்ளிக்கூடம். ஒங்க ஊர்ல கிரவுட் ஃபண்டிங்னு மைக் பிடிச்சுப் பேசுறீகளே, அதை அப்பத்தாவோட அப்பத்தா அரிசிப் பானைக்குப் பக்கத்துல நின்னு செஞ்சுட்டா.

சிவகாசியை எடுத்துக்கோ. அய்ய நாடாரு, சண்முக நாடாரு, ரெண்டு பேரும் ஒறவுக்காரக. வானம் பொய்ச்ச கரிசக்காட்டுலருந்து கல்கத்தா போயி தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு 1923 வாக்குல ஊரு திரும்பினாக. பொறவு ஆளுக்கொரு தொழிலாப் பிரிஞ்சு வளந்தாக. தனியா ஒருத்தர் மட்டும் போயிருந்தா மொழி தெரியாத ஊர்ல மொத மாசமே ரயில் ஏறியிருப்பாரு. ஒருத்தன் சோர்ந்து உக்காந்தா இன்னொருத்தன் 'ஏலேய் எந்திரி'ன்னு சொல்ல ஆளு வேணும்ல.

ரொம்பத்தான் பெருமை பேசுறேன்னு நெனைக்காத. மகமையில கோணலும் இருந்துச்சு. குடுக்காதவனை ஒதுக்கி வெச்சாக. சாதிக்குள்ள அடைச்ச வட்டம் அது. வெளியாள் வாசல்ல நின்னான். ஒங்க வட்டம் மட்டும் ஒசத்தியோ? நாலு பேரு கூடுனா, 'நீங்க எந்த ஐஐடி'ன்னுதான் மொதக் கேள்வியாமே. அரசுக் கல்லூரியில படிச்சிட்டு கம்பெனி தொடங்குன புள்ள அந்த ரூம்ல காப்பி கப்பைப் பிடிச்சுக்கிட்டு செவத்தோரமா நிக்குது. பூணூலுக்குப் பதிலா லேப்டாப் ஸ்டிக்கர். வேறென்ன?

சரி, வெளிநாட்டான் சொன்னாத்தான் ஒனக்கு ஏறும். அமெரிக்காவுல பால் கிரஹாம்னு ஒருத்தரு, 2005-ல ஒய் காம்பினேட்டர்னு ஒண்ணு ஆரம்பிச்சாரு. சின்னக் கம்பெனிகளுக்குப் பணம் குடுத்தாரு, சரி. அதோட வாரத்துக்கு ஒரு ராத்திரி எல்லாரையும் ஒண்ணா உக்காத்தி வெச்சுச் சோறு போட்டாரு. ஆரம்பத்துல அவரே சமைச்சாராம். பந்தியில பக்கத்து எலைக்காரன் என்ன செஞ்சு முடிச்சான்னு கேட்டாலே அடுத்த வாரத்துக்கு வேலை ஓடும்ல. அந்தப் பந்தியில 2009-ல வந்து உக்காந்தவுகதான் வீட்டை வாடகைக்கு விடுற ஏர்பிஎன்பி பசங்க. அதுக்கு மொத வருசம் கையில காசில்லாம, எலெக்சன்ல நின்ன ஒபாமா பேரையும் மெக்கெய்ன் பேரையும் அட்டைப் பெட்டியில அச்சடிச்சு, உள்ள காலைப் பலகாரத் தானியத்தைப் போட்டுப் பெட்டி நாப்பது டாலருக்கு வித்தாகளாம். அந்தப் பெட்டியைப் பார்த்துட்டுத்தான் அவுகளுக்கு எடமே குடுத்தாராம். நீயா இருந்தா அந்தப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சிட்டு 'சூப்பராப் போகுது சார்'னுருப்ப.

நம்மூருக்கே வா. திருச்சிக்காரரு கிரீஷ் மாத்ருபூதம், ஜோஹோவுல வேலை பார்த்தவரு, 2010-ல சென்னையில சொந்தமா ஒரு கம்பெனி ஆரம்பிச்சாரு. 2021-ல நியூயார்க் நாஸ்டாக் சந்தையில மணியடிச்சாக. எனக்குப் பிடிச்சது மணியில்ல. அவரும் இன்னும் சில சாஃப்ட்வேர் முதலாளிகளும் சேர்ந்து சாஸ்பூமின்னு ஒரு கூட்டம் வளத்து, முன்னால போனவன் பின்னால வாரவனுக்கு தான் விழுந்த பள்ளத்தைக் காட்டுறான் பாரு, அது மகமை. ஆன்ட்ரப்ரனர்ஸ் ஆர்கனைசேஷன்னு 1987-லருந்து ஒரு சங்கமும் இருக்கு. ஏழெட்டு முதலாளி மாசா மாசம் உக்காருவாக. உள்ள பேசினது வெளிய போகக் கூடாது. இன்னொண்ணு, 'நீ இப்படிச் செய்யி'ன்னு ஒருத்தனும் ஒருத்தனுக்குச் சொல்லக் கூடாதாம். 'எனக்கு இப்படி ஆச்சு, நான் இப்படிச் செஞ்சேன்'னு மட்டுந்தான் பேசணும். என் எதிர்க்கடைக்காரரு சந்தா கட்டாமலே அதுல உறுப்பினரு.

அந்த மாதிரி ஒரு வட்டத்தைத் தேடு. மேடை போட்டு, கழுத்துல அட்டை மாட்டி, நூறு பேரு கை குலுக்குற எடம் வேண்டாம். அது கல்யாண வீடு, மொய் எழுதிட்டு வரலாம். அஞ்சாறு பேரு போதும். ஒன்னைவிட ஒரு வருசம் முன்னால போனவன் ஒருத்தன், கடையைச் சாத்திட்டு வந்தவன் ஒருத்தன் கட்டாயம் இருக்கணும். சாத்தினவனுக்குத்தான் எந்தப் பூட்டு எங்க இருக்குன்னு தெரியும். மென்டார்னு ஒருத்தரு ஒனக்கு வாரா வாரம் பேசுறாராமே. எத்தனை தரம் சம்பளத் தேதியில கை பெசஞ்சு நின்னுருக்காருன்னு கேட்டுப் பாரு. ஒரு தரமும் இல்லைன்னா, பாவம், ரிட்டயர்ட் ஆளு, பொழுது போகணும்ல, பேசட்டும்.

ஆபீஸ் செவத்துல 'நாமெல்லாம் ஒரே குடும்பம்'னு எழுதி ஒட்டியிருக்கியாம், ஒன் தங்கச்சி போட்டோ காட்டினா. அதை மொதல்ல கிழி. குடும்பத்துல ஆளை வேலையை விட்டு எடுக்க முடியாதுடா. முடியும்னா ஒன் சித்தப்பனை 1994-லயே எடுத்திருப்பேன். ரெண்டு பேரைக் கொறைக்கத்தான் வேணும்னா தள்ளிப் போடாத. ஒரே தரமாக் கொறை; வாரம் ஒருத்தனா எடுத்தா மிச்சம் இருக்கிறவன் வேலை பார்க்க மாட்டான், கதவைப் பார்ப்பான். நீயே நேர்ல உக்காந்து சொல்லு. மெயில்ல அனுப்பாத. குடுக்க வேண்டியதை அன்னிக்கே குடு. நான் ஒரு தரம் கணக்குப்பிள்ளைகிட்டச் சொல்லி ஒரு ஆளை நிறுத்தினேன். இன்னைக்கும் அவன் தெருவுல எதிர்ப்பட்டா நான்தான் செருப்பைப் பார்த்துக்கிட்டுப் போறேன்.

கூட்டாளி விசயம் எழுதியாச்சா? ரூம்மேட்டு, பாதிப் பாதின்னு வாயால பேசினதுன்னு ஒங்கப்பன் சொன்னான். நாலு வருசத்துல பங்கு கொஞ்சம் கொஞ்சமாக் கையில வரும், மொத வருசத்துக்குள்ள போனா ஒண்ணுங் கெடையாதுன்னு ஒங்க ஆளுகளே ஒரு ஏற்பாடு வெச்சிருக்காகள்ல, வெஸ்டிங்கோ என்னமோ. நட்பு நல்லா இருக்கும்போதே அதைப் பத்திரத்துல எழுதிரு. சண்டை வந்த பொறவு எழுதினா வக்கீல் வீட்டுக்கு மச்சு ஏறும்.

எந்திரிக்கப் பார்க்காத. கையைக் கொண்டா. இந்தா, என் துண்டு. வேர்வை நாத்தம் இருக்கும், பொறுத்துக்கோ. துண்டுக்குள்ள கையை விடு. இனிமே ஒரு காசு வராட்டி, இருக்கிற பணம் எத்தனை மாசம் ஓடும்? ரன்வேன்னு சொல்லுவீகளே, அது. வாயால சொல்ல வேண்டாம், அப்பத்தா நடையிலதான் நிக்கிறா. விரலைப் பிடி.

ம்.

சரி. சந்தையில இது வெளிய போகாது. அந்தக் கோடி வீட்டுக்காரரு பேரன், அதான், நீ போன்ல 'என் ஐடியாவைக் காப்பியடிச்சான்'னு திட்டினியே, அவனும் பொங்கலுக்கு வந்திருக்கான். நேத்து இதே திண்ணையில அவன் கையிலயும் துண்டைப் போட்டுப் பார்த்தேன். எத்தனை விரல்னு செத்தாலும் சொல்ல மாட்டேன். எட்டு மணிக்கு எண்ணெய்ப் புரோட்டாக் கடைக்கு வரச் சொல்லியிருக்கேன், நீயும் வருவன்னு சொல்லிட்டேன். பில்லு மட்டும் நான் குடுக்கிறேன். ரெண்டு மாசக்காரனும் ஒண்ணரை மாசக்காரனும் புரோட்டாக் கடையில பில்லுக்கு அடிச்சுக்கிட்டா ஊரு சிரிக்கும்.