எனக்கு ஒரு இடம் தெரியும்

வீட்டில் தோசைக்கல் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் நானும் என்ன செய்வோம்? பக்கத்துப் பாத்திரக்கடைக்குப் போய் ஒன்று வாங்கி வருவோம். மறுநாள் தோசை வரும். ஆனால் இந்தச் சங்கதி பஜார் சார் காதில் விழுந்துவிட்டால் தோசை வர இரண்டு வாரம் ஆகும். "பக்கத்துக் கடையிலயா? அவன் எங்கேருந்து எடுத்துட்டு வரான்னு நினைச்சீங்க?" என்று முதலில் ஒரு சிரிப்பு. பிறகு, யாரோ ஒட்டுக் கேட்பதுபோல அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "எனக்கு ஒரு இடம் தெரியும்."

சென்னையில் பேட்டைக்கு ஒரு பஜார் சார் உண்டு. வங்கியில் காசாளராக இருப்பார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருப்பார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவராகவும் இருப்பார். வேலை எதுவானாலும் கொள்கை ஒன்றுதான். விலைச்சீட்டு ஒட்டிய பொருளைத் தொடமாட்டார். "விலைய அவனே எழுதி ஒட்டிட்டான்னா, அப்புறம் நமக்கு அங்க என்ன வேலை?" என்பார். மால் பக்கம் குடும்பத்தோடு போக நேர்ந்தால், வெளியே வண்டி நிறுத்தும் இடத்திலேயே நின்று காவலாளியிடம் அவருடைய விசில் எங்கே வாங்கியது என்று விசாரித்துக்கொண்டிருப்பார்.

சந்தைக்கு என்று அவரிடம் தனிச் சட்டை உண்டு. காலர் நைந்தது, ஒரு பொத்தான் வேறு நிறம். "நல்ல சட்டை போட்டுட்டுப் போனா நூறு ரூபா ஏத்திச் சொல்வான்." பைக்குள் நாலாக மடித்த மஞ்சள் பை, ஒரு டேப், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு சின்னக் காந்தம். காந்தம் பித்தளைக்கு. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் முலாம். ஒட்டாவிட்டால் பித்தளையாக இருக்கலாம் என்று பேரத்தைத் தொடங்குவார். பணத்தை நாலு இடத்தில் பிரித்து வைத்திருப்பார். சட்டைப் பையில் இருநூறு, பேன்ட் வலப்பையில் நூறு, இடப்பையில் சில்லறை. மிச்சம் எங்கே என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டும் தெரியும். கடைசிக் கட்டத்தில் சட்டைப் பையைக் கவிழ்த்துக் காட்டி, "இவ்வளவுதான்ப்பா இருக்கு, பஸ்ஸுக்குக்கூட இல்ல" என்று சொல்ல வேண்டும் அல்லவா? அதற்கான ஏற்பாடு.

அவர் தலைக்குள் இருக்கும் சென்னை வரைபடத்தில் கடற்கரையும் கிடையாது, மெட்ரோவும் கிடையாது. பாரிமுனையில் இறங்கினால் தெருவுக்கு ஒரு சரக்கு. துணி என்றால் கோடவுன் தெரு. காகிதம், கல்யாணப் பத்திரிகை என்றால் ஆண்டர்சன் தெரு. ஃபேன்சி சாமான் காசிச்செட்டித் தெருவில். கண்ணாடி தேவராஜ முதலித் தெருவில். வண்டியின் எந்த உறுப்பு போனாலும் புதுப்பேட்டை. நாட்டு மருந்து என்றால் மயிலாப்பூர் கச்சேரி சாலையில் நூறாண்டு தாண்டிய டப்பா செட்டி கடை. மகள் கல்யாணத்துக்கு இந்த வரிசைப்படியே கால்நடையாகச் சுற்றி எல்லாவற்றையும் மொத்த விலையில் முடித்தவர் அவர். மாப்பிள்ளைக்கு மட்டும்தான் தனித் தெரு இல்லாமல் போய்விட்டது. இருந்திருந்தால் ஒரு டஜன் எடுத்தால் என்ன விலை என்று கேட்டிருப்பார்.

மாற்றம் என்பது அவருக்குப் பிடிக்காது. கொத்தவால்சாவடிக் காய்கறிச் சந்தை 1996-ல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. ஊரே போய்விட்டது, இவர் மட்டும் போகவில்லை. "கோயம்பேட்டுல வாங்குற கத்திரிக்காய்ல அந்த ருசி கிடையாது" என்பார். செடி அதே செடிதானே என்று நீங்கள் கேட்டால், உங்களுக்கு ருசி தெரியாது என்று முடிவு கட்டிவிடுவார்.

மூர் மார்க்கெட் பேச்சை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் பெயரில் 1900-ல் திறந்த சிவப்புக் கட்டடம், சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, முயல், வண்ணமீன், ராணுவ பூட்ஸ் என்று அங்கே விற்காத பொருள் இல்லை. 1985 மே மாதம் தீப்பிடித்து எரிந்தது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. கடைக்காரர்கள் பலர் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போய் அங்கே பிழைப்பைத் தொடர்ந்தார்கள். அவர்கள் ஒருவழியாக ஆறிவிட்டார்கள். பஜார் சார் ஆறவில்லை. நீங்கள் எந்தப் பொருளைக் காட்டினாலும், "இது மூர் மார்க்கெட்ல நாலணாவுக்குக் கிடைச்சிருக்கும்" என்பார். மடிக்கணினியைக் காட்டினாலும் அதே பதில்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படி அங்கலாய்ப்பவர்களில் பாதிப்பேர் மார்க்கெட் எரிந்தபோது தொட்டிலில் கிடந்தவர்கள்.

பஜார் சாருக்கு வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி வரும். அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் ஏறும் மின்சார ரயில் நேராகப் பல்லாவரத்தில் நிற்கும். பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை. மாட்டுச் சந்தையாக ஆரம்பித்தது என்பார்கள். இன்றைக்கு மாட்டைத் தவிர மற்ற எல்லாம் கிடைக்கும். கருவாடு, ரோஜாச் செடி, கட்டில், லவ் பேர்ட்ஸ், தார்ப்பாய் விரித்துக் குவித்த பழைய சாமான். டிவியைப் பறிகொடுத்த ரிமோட்டுகள், ஜோடியைத் தொலைத்த ஷூ, குக்கர் இல்லாத குக்கர் மூடி. உலகத்தில் எங்கோ ஒரு மூடியில்லாத குக்கர் இருக்கிறது, அது ஒருநாள் இங்கே வந்து சேரும் என்கிற நம்பிக்கையில்தான் அந்த மூடி வாராவாரம் விரிப்பில் உட்கார்ந்திருக்கிறது.

அந்தத் தார்ப்பாயின் மூலையில் ஒரு பித்தளைத் தராசு. பஜார் சார் கண் அதில் விழுந்துவிட்டது. ஆனால் பார்க்கவே மாட்டார். வேண்டிய பொருளைப் பார்க்கக் கூடாது என்பது அவருடைய சந்தைச் சாஸ்திரத்தில் முதல் விதி. குனிந்து குக்கர் மூடியை எடுப்பார்.

"இது எவ்வளவுப்பா?"

"அம்பது குடு சார்."

"அம்பதா? கேஸ்கெட்டே இல்ல."

"கேஸ்கெட் இருந்தா எதுக்கு சார் இங்க வருது?"

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். விசிலை ஊதிப் பார்ப்பார். கீழே வைப்பார், ரெண்டடி நகர்வார். ஏதோ கால் இடறியதுபோல நின்று, "ஆமா, இது என்ன மூலையில?" என்பார்.

"சார், நீ வந்ததுலேருந்து அதத்தான் பாக்குற. எண்ணூறு."

அங்கேயே சார் பாதித் தோற்றுவிட்டார். பேரம் முக்கால் மணி நேரம் நடக்கும். காந்தம் வெளியே வரும். "நீ காந்தம் வை, தங்கம் உரசுற கல்லு வேணாலும் வை. பித்தளைதான்" என்பார் வியாபாரி. இடையில் டீ வரும். அதற்குக் காசு கொடுப்பவரும் நம் சார்தான். இரண்டு தடவை போய்விடுவதுபோல நடப்பார். முதல் தடவை வியாபாரி கூப்பிடுவார். இரண்டாம் தடவை கூப்பிடமாட்டார். சார் தானாகவே திரும்பி வந்து, "சரி, ஏதோ உனக்குப் போணி ஆகட்டுமேன்னு பாக்குறேன்" என்பார். நேரம் பதினொன்றரை. வியாபாரிக்குப் போணி காலை ஆறு மணிக்கே ஆகிவிட்டது. நானூற்றைம்பதுக்கு முடியும். "இந்த மூடியையும் எடுத்துக்க சார், அம்பது" என்று வியாபாரி அதையும் தலையில் கட்டிவிடுவார். அடுத்த வாரம் விரிப்பில் வேறொரு மூடி இருக்கும்.

முன்பெல்லாம் சந்தையில் கொடுத்த காசு சந்தையோடு போயிற்று. இப்போது செல்போனில் பணம் போட்டால் கடைக்காரனின் சின்னப் பெட்டி, ஏதோ வெற்றி பெற்ற வேட்பாளரை அறிவிப்பதுபோல, "நானூற்று ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று ஊருக்கே கூவுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பக்கம் கறிவேப்பிலைக் கன்று வாங்கிக்கொண்டிருந்தால் போச்சு. வீட்டில் இருநூறு என்றல்லவா சொல்வதாக உத்தேசம்? அதனால் குடும்ப அமைதி கருதி அவர் ரொக்கம்தான்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த கட்டம். தராசைக் கூடத்து நடுவில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "எவ்வளவு இருக்கும், சொல்லு பார்ப்போம்?"

உண்மையில் அவர் காசு கொடுத்து வாங்கியது இந்தக் கேள்வியைத்தான். தராசு அதற்கு ரசீது. தராசில் எதையும் நிறுக்கப் போவதில்லை. அது பரணில் ஏறிவிடும். அங்கே ஏற்கெனவே ஒரு டைப்ரைட்டர், இரண்டு பெட்ரோமாக்ஸ், கப்பல் மணி என்று சொல்லி விற்ற பள்ளிக்கூட மணி எல்லாம் காத்திருக்கின்றன. ஆனால் கேள்வி வாரக்கணக்கில் ஓடும். வருகிற விருந்தாளி, பால்காரர், கேஸ் சிலிண்டர் போட வந்த பையன் எல்லாருக்கும் இந்தப் பரீட்சை உண்டு. விடை வாங்கிய விலைக்கு மேலே இருக்க வேண்டும்; எவ்வளவு மேலேயோ அவ்வளவு மரியாதை. ஆயிரம் என்றவருக்குக் காபி. இரண்டாயிரம் என்றவருக்குக் காபியோடு முறுக்கு.

அவர் மனைவி இந்தப் பரீட்சையில் கரை கண்டவர். கீரை ஆய்ந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல், "மூவாயிரம்" என்பார். தராசானாலும் மூவாயிரம், தாழ்ப்பாளானாலும் மூவாயிரம். சார் முகம் மலர்ந்து, "இருநூறு!" என்பார். "அடேயப்பா" என்று சொல்லிவிட்டுக் கீரையைக் கழுவ எழுந்துவிடுவார். முப்பது விநாடியில் விவகாரம் முடிந்துவிடும். வீட்டுக்கு உண்மையில் வேண்டிய தோசைக்கல்லை அந்த அம்மாள் எப்போதோ பக்கத்துக் கடையில் வாங்கி, பழக்கிக்கூட வைத்துவிட்டார். சார் இன்னும் ஈவினிங் பஜாரில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

சாரோடு கூடப் போனால் சாப்பாட்டுக்குக் குறை இருக்காது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-ல் உருவானது பர்மா பஜார். அங்கே ஒருகாலத்தில் வெளிநாட்டு வாட்ச்சும் டேப்ரெக்கார்டரும் வாங்கக் கூட்டம் முண்டியடித்தது. பக்கத்திலே அத்தோக் கடைகள். நூடுல்ஸில் முட்டைக்கோசும் வெங்காயமும் வறுத்த பூண்டும் போட்டு, புளித்தண்ணீர் விட்டு, கையாலேயே பிசைந்து தருவார்கள். கூட வாழைத்தண்டு சூப். இங்கே மட்டும் சார் பேரம் பேசமாட்டார். "வயித்துக்கு வாங்குறதுல பேரம் பேசக் கூடாது" என்பார். சூப் மட்டும் இன்னொரு கரண்டி கேட்பார்.

இப்போது அவருக்குப் போட்டியாக ஒரு புதுத் தலைமுறை வந்துவிட்டது. அண்ணன் மகன் தோளில் கேமராவோடு சௌகார்பேட்டைச் சந்துக்குள் நுழைகிறான். "மக்களே, யாருக்குமே தெரியாத ஒரு கடை!" என்று அவன் கூவ, மறுநாள் அந்தச் சந்தில் நிற்க இடமில்லை. விலை இரட்டிப்பு. சாருக்கு ரத்தம் கொதிக்கிறது. கடையைக் கண்டுபிடிப்பது பெரிதல்ல, கண்டுபிடித்ததை வெளியே சொல்லாமல் இருப்பதுதான் யோக்கியதை என்பது அவர் கட்சி. "எனக்கு ஒரு இடம் தெரியும்" என்பார். எந்த இடம் என்று மட்டும் சொல்லமாட்டார். அழைத்துத்தான் போவார். அதுவும் நேர்வழியில் போகமாட்டார். நீங்கள் தனியாகத் திரும்பி வர முடியாதபடி நாலு சந்து சுற்றி அழைத்துப் போவார்.

ஆனாலும் அவரை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. உங்கள் அப்பாவின் பழைய டேப்ரெக்கார்டர் ரப்பர் பெல்ட் அறுந்துவிட்டது. கம்பெனியே கடையைக் கட்டிவிட்டது. பெரிய கடைகளில் கேட்டால் சிரிக்கிறார்கள். அப்போது சார்தான் கதி. அண்ணா சாலைக்கு உள்ளே ரிச்சி தெரு. அதிலிருந்து நரசிங்கபுரம் தெரு. அதிலும் ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஆள் உட்கார்ந்தால் கால் வெளியே நிற்கும் கடை. நீங்கள் மாடல் பெயர் சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பாவில் கை விடுவார். பெல்ட்! "இருபது ரூபா."

உங்களுக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். சாரோ பழக்க தோஷத்தில், "பதினஞ்சு வச்சுக்க" என்பார்.

"இது மெட்ராஸ்ல வேற யாருகிட்டயும் கிடையாது சார். உனக்கே தெரியும்."

தெரியும். அதுதான் பிரச்சினை. சட்டைப் பையைக் கவிழ்க்க வழியில்லை, நடந்து போய்விடுவதுபோலக் காட்டவும் இடமில்லை. இருபது ரூபாயை எண்ணி வைத்துவிட்டு, திரும்பும் வழியெல்லாம் அந்த ஐந்து ரூபாயை நினைத்துப் பெருமூச்சு விடுவார். உங்கள் வீட்டு வாசலில்தான் முகத்தில் மறுபடி களை வரும். பெல்ட்டைத் தூக்கிப் பிடித்து உங்கள் அம்மாவிடம் கேட்பார்: "மாமி, எவ்வளவு இருக்கும், சொல்லுங்க பார்ப்போம்?"

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை நன்றாக இழுத்துப் பார்ப்பார். "வெறும் ரப்பர்தானே? என்ன, அஞ்சு ரூபா இருக்குமா?"

காபி போட்டு எடுத்து வருவதற்குள் சார் தெருமுனை தாண்டியிருப்பார்.