பலகை நிமிர்த்துபவர்

பலகை நிமிர்த்துபவர் கெடாவின் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தாமான் குடியிருப்புகளில் காணப்படுபவர். தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்து, தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். தச்சர் அல்லர், தச்சரைக் கூப்பிட விடுபவரும் அல்லர். லயத்தைக் காலிசெய்தபோது மற்றவர்கள் சாமிப்படத்தையும் தையல் மெஷினையும் லாரியில் ஏற்ற, இவர் சுவர்ப்பலகையை ஏற்றினார். கார் நிற்க வேண்டிய இடத்தில் இன்று பலகைகள் நிற்கின்றன. கார் மழையில் நிற்கிறது.

இவருடைய சேமிப்பு இருவகை. பழைய மெராந்திப் பலகை ஓரளவு சொன்ன பேச்சு கேட்கும். கித்தா என்கிற ரப்பர் மரப் பலகை கேட்காது. பால் குறைந்து 25, 30 ஆண்டில் வெட்டப்படும் கித்தா மரம் முன்பு பெரும்பாலும் அடுப்புக்குத்தான் போனது. 1980களில்தான் மேசை நாற்காலியாகிக் கப்பலேறியது. காயும்போது முறுக்கிக்கொள்வது அதன் பிறவிக்குணம். எந்த மரமும் நடுவிலிருந்து பட்டை நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு சுற்றுவாக்கில் சுருங்கும். அதனால் பலகை பட்டைப்பக்கம் குழிகிறது. இதை இவர் விளக்கி முடிப்பதற்குள் கேட்பவரின் தேநீர் ஆறிவிடும்.

முதல் வேலை, தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதுபோல், பெரட்டு. பலகைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் தூக்கி, ஒற்றைக் கண்ணால் ஓரம் பார்ப்பார். அந்தக் காலத்துக் கங்காணிகூட ஆட்களை அவ்வளவு சந்தேகத்தோடு பார்த்திருக்க மாட்டார். பிறகு பலகையின் இரு முனையிலும் குறுக்கே நேரான சட்டங்களை வைத்து, ஒன்றின் விளிம்புக்கு மேலாக மற்றதைப் பார்ப்பார். இரண்டும் இணையாகத் தெரியாவிட்டால் முறுக்கு. ஆடும் மூலைக்கு அடியில் தீப்பெட்டி அட்டையைச் செருகி, எதிரெதிர் மூலை மேடுகளை இழைப்புளியால் முதலில் குறுக்கே, அடங்கியதும் நீளவாக்கில் சீவுவார். ஒரு முகம் சமமானதும் அதிலிருந்து கனம் குறித்து மறுமுகத்தை இழைப்பார்.

முறையில் பிழை சொல்ல முடியாது. நிறுத்துவதில்தான் சிக்கல். மரத்தின் கோணலைத் தீர்ப்பது நூல் என்கிறது நன்னூல். அது தச்சர் பிடிக்கும் கயிறு. இவர் பிடித்துக்கொண்ட நூல் ஓர் அளவு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் என்று சீவச் சீவ, ஓர் அங்குலப் பலகை அரை அங்குலமாகும்.

"முடிஞ்சிருச்சாண்ணே?"

"இன்னும் ஒரே இழைப்பு, தம்பி."

குறுக்குவழியும் உண்டு. குழிந்த முகத்தை ஈரப்புல்லில் கவிழ்த்து, முதுகை வெயிலில் காட்டினால் சில மணி நேரத்தில் பலகை நிமிரும். உடனே தெருவையே அழைத்துக் காட்டுவார். ஈரம் போனதும் அது பழையபடி குழியும். அப்போது யாரையும் அழைப்பதில்லை. குச்சிகளை இடையில் வைத்து அடுக்கி, இருபுறமும் காற்றுப்பட வாரக்கணக்கில் விட்டபின் இழைப்பதே முறை. இவரும் அறிவார். அடுத்தவருக்குச் சொல்வார்.

உற்பத்தி ஒழுங்கானது. சாப்பாட்டு மேசைக்கென எடுத்த பலகை, இழைக்க இழைக்க சாமிப்படத் தட்டாகும். பின் மசாலா டப்பாத் தட்டாகும். முடிவில் சப்பாத்திப் பலகையாகும். சப்பாத்திப் பலகை மட்டும் ஆடாது.