முனியாண்டி குதிரைக்கு ஒரு ஜாகா

மலாக்கா தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தாலும், காவல் தெய்வத்தின் சிமெண்டுக் குதிரை முன்னங்காலைத் தூக்கியபடியேதான் நிற்கிறது. ராத்திரியில் முனியாண்டி அதிலேறி லயத்தைச் சுற்றி வருவார் என்பார்கள் பெரியவர்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் வெண்கல மணியும் பித்தளை விளக்கும் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் போகிற காலம் இது. ஆகவே காவல்காரருக்கே கம்பிக் கதவு, ரெண்டு பூட்டு, சிசிடிவி என்று போடும் நிர்வாகங்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

இன்னும் முன்னேறலாம். இங்கிலாந்தில் 2020 அக்டோபர் முதல் எல்லாக் குதிரைக்கும் மைக்ரோசிப் கட்டாயம். நாமும் கழுத்துச் சிமெண்டைக் கொத்தி ஒன்று புதைக்கலாம். சேணத்தில் உரிமையாளரின் ஐசி எண்ணைப் பெயிண்டில் எழுதலாம். முனியாண்டிக்கு நீல ஐசி கிடைக்கும்வரை கோயில் தலைவருடையது போதும். மாணிக்கவாசகர் காலத்தில் சிப் இருந்திருந்தால், பரிகள் நரிகளான இரவே பாண்டியனுக்குக் குறுஞ்செய்தி போயிருக்கும்.

ரோந்துக்குப் புறப்படும் முனியாண்டி மட்டும் சாவிக்காகத் தலைவர் வீட்டுக்கு ஆயர் குரோவரை நடக்க வேண்டியிருக்கும். உடம்புக்கு நல்லதுதான்.

தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வந்தாலும் கவலையில்லை. குதிரை, மணி, சேணம் எல்லாம் பத்திரமாக இருக்கும். காலடி நிலம் மட்டும் முறைப்படி போயிருக்கும். அதற்கான பூட்டு இன்னும் கடைக்கு வரவில்லை.