ஐயாயிரம் வாட்டும் இலவம்பஞ்சும்: ராசிங்காபுரத்து ஒலியியல் குறித்து ஒரு சிற்றாராய்ச்சி

போடி–தேவாரம் சாலையிலுள்ள ராசிங்காபுரத்தில், பத்துக்குப் பன்னிரண்டடி தார்சு வீட்டு அறையொன்றில், பத்தாயிரம் ரூபாய்க்குள் ஹோம் தியேட்டர் அமைப்பது எங்ஙனம் என்பதே இவ்வாய்வின் பொருள். தார்சு என்பது இங்கே முக்கியம். ஓட்டு வீடென்றால் சத்தம் ஓட்டுச் சந்து வழியாக மலைப்பக்கம் போய்விடும். ஆய்வாளனுக்கு வேலை இராது.

பிறர் மதத்தைப் பரபக்கத்தில் மறுத்துத் தம் மதத்தைச் சுபக்கத்தில் நிறுவுவது சித்தாந்த நூல் மரபு. ஸ்பீக்கர் விஷயத்திலும் அதுவே முறை.

பரபக்கத்தில் முதலில் நிற்பது வாட் வாதம். இதன் ஆசாரியர்கள் கடைக் கல்லாவில் அமர்ந்திருப்பர். “அஞ்சாயிரம் வாட்ஸ்ணே, போட்டா ஜன்னல் அதிரும்” என்பது மூல மந்திரம். அட்டையில் 5000 என்ற எண் கொட்டை எழுத்திலும், பக்கத்தில் பிஎம்பிஓ என்பது பொடி எழுத்திலும் இருக்கும். கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக வந்துபோவதாகச் சொல்லப்படும் உச்சம் அது. அதை அளக்கப் பொதுவான முறை கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பெட்டியைக் கழற்றினால் உள்ளே 12 வோல்ட், 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் உட்கார்ந்திருக்கிறது. பெருக்கினால் 60. மீதி 4940 வாட் அட்டையோடு குப்பைக்குப் போயிற்று.

அதற்காக 60 வாட்டை இளக்காரமாக நினைக்க வேண்டாம். அசெம்பிள் செட்டுகளில் கோலோச்சிய 4440 ஐசி பக்கத்துக்கு 6 வாட் தரும். பிரிட்ஜ் செய்தால் 19. அதை வைத்துக்கொண்டே டீக்கடையும் சலூனும் ஒரு தலைமுறையைப் பாட்டுக் கேட்க வைத்தன. கடைக்காரரிடம் கேட்க வேண்டியது சென்சிட்டிவிட்டி: ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் எத்தனை டெசிபல்? 86 டெசிபல் ஸ்பீக்கர் 89 டெசிபல் ஸ்பீக்கருக்கு ஈடாகக் கத்த வேண்டுமானால் இரண்டு மடங்கு வாட் தேவை. காதுக்கே சத்தம் இரட்டித்தாற்போல் தோன்றவோ சுமார் பத்து மடங்கு வேண்டும். இதைக் கேட்டதும் கல்லாவில் ஒரு மௌனம் உண்டாகும். அதையும் ஆய்வுத் தரவாகக் கொள்ளலாம்.

அடுத்தது பானை வாதம். மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்தோ நிமிர்த்தியோ வைத்து, ‘பேஸ்’ பிறந்ததென்று மகிழ்ந்த கூட்டத்தாருடையது. இவர்களைச் சிரித்துத் தள்ள முடியாது. குடுவைக்குள் அடைபட்ட காற்று தனக்கென ஒரு சுருதி வைத்திருக்கிறது என்று ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் பெரிய புத்தகமே எழுதினார். 1951இல் ஆர்சிஏ கம்பெனியின் ஹாரி ஓல்சன், பலவகை வடிவங்களில் பெட்டி செய்து அளந்து, ஒலி அதிகம் கோணாமல் வெளிவருவது உருண்டையிலிருந்துதான் என்று காட்டினார். நம் குயவர் இதைச் சக்கரத்திலேயே முடித்து வைத்திருந்தார்.

எனினும் மறுப்பு உண்டு. ஓல்சன் பேசியது வெளிப்புறத்தைப் பற்றி. உட்புறம் உருண்டையாக இருந்தால் எத்திசையில் மோதினாலும் ஒரே தூரம். ஆகவே உள்ளிருக்கும் அதிர்வுகள் ஒன்றுகூடி ஒரே சுருதியில் முழங்கும். எந்தப் பாட்டைப் போட்டாலும் பானை தன் பாட்டையே பாடும். பரிகாரம் உள்ளே பஞ்சு திணிப்பது. போடிப் பக்கம் இலவம்பஞ்சுக்குப் பேர்போனது என்பதை இந்த இடத்தில் அடக்கத்தோடு பதிவு செய்கிறோம்.

ஐந்து புள்ளி ஒன்று வாதத்தை அறையே மறுத்துவிடும். பின்பக்க ஸ்பீக்கர்கள், நடு ஸ்பீக்கரிலிருந்து 110 பாகை அளவில் இரு புறமும் நிற்க வேண்டும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதி. நம் அறையில் அந்தப் பாகையில் ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் பீரோ. பணமும் ஒத்துக்கொள்ளாது. பத்தாயிரத்தை ஆம்பிளிஃபயர், ஐந்து ஸ்பீக்கர், ஒரு வூஃபர் என்று ஏழாகப் பிரித்தால் தலைக்கு ஆயிரத்து நானூற்றுச் சொச்சம். வசனம் வருகிற நடு ஸ்பீக்கருக்கும், படத்தில் மழை பெய்தால் மட்டும் வேலை செய்கிற பின் ஸ்பீக்கருக்கும் ஒரே கூலி!

இனி சுபக்கம். பத்தாயிரத்தையும் இரண்டு நல்ல ஸ்பீக்கரிலும் ஒரு சிறிய ஆம்பிளிஃபயரிலும் போடுக. பழசாக வாங்கினாலும் பாதகமில்லை. இதற்கு ஆதாரம் அதே சாலைப்பக்கத்துப் பண்ணைப்புரம். அங்கே 1943இல் பிறந்த இளையராஜா, 1978இல் வந்த ‘பிரியா’ படப் பாடல்களை ஸ்டீரியோவில் தந்தார். ஸ்டீரியோவுக்கு வேண்டியது இரண்டே ஸ்பீக்கர். மூன்றாவதைக் கேட்பவர் படைத்தவரைத் திருத்தப் பார்க்கிறார்.

வூஃபர் பிறகு வரட்டும். பன்னிரண்டடி நீள அறையில் சுமார் 47 ஹெர்ட்ஸில் ஒலி நின்று ஆடும். சுவரோரம் உச்சம், நடுவில் சூனியம். வீட்டுக்காரர் நடுவில் உட்கார்ந்து ‘பேஸே இல்லை’ என்று குமிழைத் திருகுகிறார். சுவருக்கு அப்பால் படுத்திருப்பவருக்குக் குறையேதுமில்லை.

அறையின் எதிரொலி தனிக்கதை. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரை அறையில் பேச்சே விளங்கவில்லை என்று வாலஸ் சபைனை அழைத்தார்கள். அவர் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி அடங்குகிறது என்று அளந்து, சூத்திரம் கண்டார். ராசிங்காபுரத்தில் மெத்தையை இரவல் வாங்க வேண்டியதில்லை; கட்டிலில் கிடப்பதைப் பின்சுவரில் சாய்த்தால் போதும். பேஸை அது தின்னாது, ஆனால் வசனம் தெளியும். அட்டையிலிருந்த ஐயாயிரம் வாட் எதுவும் இதைச் செய்ததில்லை.

ஒரே இடையூறு, மெத்தை படுப்பதற்கும் வேண்டும். இரவு பத்துக்கு மேல் குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபலே வரம்பு என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். அதற்குள் சுவரிலிருந்து இறக்கிவிடலாம். விடியுமுன் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கும். அந்த ஹாரன் எத்தனை டெசிபல் என்பது இவ்வாய்வின் வரம்புக்குள் வராது.