சம்பளமில்லாச் சுகாதாரத் துறை

தமிழ்க் குடும்பங்களில் சுகாதாரத் துறை பெரும்பாலும் அடுப்பங்கரையிலிருந்தே இயங்குகிறது. அமைச்சர், செயலர், கடைநிலை ஊழியர் ஆகிய மூவரும் ஒருவரே என்பதும், அவரது பதவிப்பெயர் மட்டும் அழைப்பவருக்கேற்ப அம்மா, மருமகள், "ஏய், இங்கே வா" என மாறும் என்பதும் இத்துறையின் தனிச்சிறப்புகள். துறையின் ஆவணக் காப்பகம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. மாமனாரின் மெட்ஃபார்மின், அதாவது ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் மாத்திரை, மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரை, காலாவதித் தேதி அச்சிட்ட முனையே முதலில் கத்தரிக்கப்பட்டுவிட்ட பாராசிட்டமால் அட்டை ஆகியவை அதில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்க, எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்னும் விதித்தொகுப்போ எங்கும் எழுதப்படாமல் அவர் தலைக்குள்ளேயே பாதுகாக்கப்படுகிறது. காய்ச்சல் காலத்தில் ஒன்பது சரக்குகள் சேர்ந்த நிலவேம்புக் குடிநீரைக் காய்ச்சி இறக்குவது எளிது. கசப்புக்கு அஞ்சிக் குளியலறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொள்ளும் ஐம்பது வயது நோயாளியை (குடும்பத் தலைவர் என அறியப்படுபவரும் இவரே) வெளியே வரவழைப்பதற்குத்தான் நிர்வாகத் திறன் வேண்டியிருக்கிறது.

2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வு, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கும் ரத்தசோகை, அதாவது ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்த நிலை, இருப்பதாகக் கணக்கிட்டது. அமைச்சருக்கென மருத்துவர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகள் அதே டப்பாவின் அடியில், ஒன்றுகூடப் பிரிக்கப்படாத முழு அட்டையாக, காலாவதித் தேதி மட்டும் மிகத் தெளிவாகத் தெரியும்படி கிடக்கின்றன.