வரவு வைக்கப்படாத நன்றி: குடவாசல் வட்டத்துப் பொங்கல் இலைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

தை முதல் நாள். பானை பொங்கி வழிந்தாயிற்று. பிள்ளைகள் தட்டு தட்டிப் ‘பொங்கலோ பொங்கல்’ கூவி ஓய்ந்தாயிற்று. சூரியனுக்குப் படைத்த இலையை எடுத்துவிட்டு வீட்டார் சாப்பிட உட்காருகிறார்கள். அந்தப் பந்தியில் கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவர் இருந்தால், அவர் யாருக்கு நன்றி சொல்வது? ஒரு சோற்றுப் பருக்கையைக் கூட விடாமல் ஆராய்ந்த நம் அறிஞர் உலகம் இந்தக் கேள்வியை இலையோரத்தில் ஒதுக்கிய கறிவேப்பிலையாக விட்டுவிட்டது. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களமாகக் கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் நடுவில் இருக்கும் குடவாசல் தேர்ந்துகொள்ளப்பட்டது. காவிரிப் படுகையின் எந்தக் கடைத்தெருவிலும் டீக்கடை பெஞ்சில் கறுப்புச் சட்டை போட்ட ஒரு பகுத்தறிவாளரைப் பார்க்கலாம் என்பது ஒரு காரணம். கட்டுரையாளரின் சித்தப்பா அந்த ஊர்க்காரர், அவரும் பகுத்தறிவாளர், பேருந்துச் செலவைத் தவிர வேறு செலவில்லை என்பது இன்னொன்று. மூன்றாவது காரணம்தான் கனமானது: கொடுத்ததை வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல மறுத்ததற்குத் தமிழில் உள்ள மிகப் பழைய சான்றுகளில் ஒன்று குடவாசலில் கிடைக்கிறது. சோழன் செங்கணானிடம் தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை, குடவாயிற்கோட்டத்துச் சிறையில் தண்ணீர் கேட்டான். உடனே தரவில்லை. பிறகு தந்தார்கள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், ஒரு பாட்டைச் சொல்லிவிட்டு உயிரை விட்டான் என்கிறது புறநானூற்று 74ஆம் பாட்டின் அடிக்குறிப்பு. புலவர் பொய்கையார் களவழி நாற்பது பாடி அவனை மீட்டார் என்று வேறொரு மரபும் சொல்கிறது. செத்தவனை மீட்டாரா, மீட்டவன் செத்தானா என்பதை உரையாசிரியர்களிடம் விட்டுவிடுவோம். ஊரின் நடுவே நிற்கும் கோணேசுவரர் மாடக்கோயிலைக் கட்டியவனாகச் சொல்லப்படுபவனும் இதே செங்கணான்தான். ஒருவனுக்குத் தண்ணீரை நேரத்துக்குத் தராமல், இன்னொருவருக்குக் கோயில் கட்டியிருக்கிறான். சித்தப்பா இதை வருஷம் தவறாமல் எடுத்துச் சொல்வார், குறிப்பாக சித்தி கோயிலுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து.

பகுத்தறிவாளருக்குத் தீபாவளியில் இந்தச் சிக்கல் கிடையாது. அதைக் கொண்டாடுவதில்லை, பலகாரத்தை மட்டும் மறுநாள் சாப்பிடுவார். பொங்கல் அப்படியல்ல. பெரியார் இயக்கமே தன்னுடையது என்று ஏற்றுக்கொண்ட திருநாள். தாலுகா ஆபீஸ்களில் சமத்துவப் பொங்கல் வைக்கிறார்கள். ஆக, பந்தியில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். உட்கார்ந்தால் நன்றி என்ற பேச்சு வரும்.

முதல் தீர்வு சூரியன். அது இருக்கிறதா இல்லையா என்று எந்தக் கட்சியும் சண்டை போட்டதில்லை என்பது பெரிய வசதி. சித்தப்பாவும் பானை பொங்கும்போது கிழக்கு பார்த்து நிற்பார், வைட்டமின் டி-க்காக. ஆனால் சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதன் ஒளி நம்மிடம் வர 8 நிமிடம் 20 விநாடி ஆகிறது. நாம் கும்பிடுவது எட்டு நிமிடத்துக்கு முந்தைய சூரியனை. நம் நன்றி ஒளி வேகத்திலேயே கிளம்பினாலும், போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குள் பதினாறு நிமிடத்துக்கு மேல் ஓடி, வடை சவுத்துப் போயிருக்கும். முதல் தீர்வு தள்ளுபடி.

இரண்டாம் தீர்வு அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே நவம்பர் நான்காம் வியாழக்கிழமை நன்றி சொல்வதற்கென்றே விருந்து வைக்கிறார்கள். 1863-இல் லிங்கன் விடுத்த அறிவிப்பால் நாடு முழுவதற்குமான வழக்கமாக நிலைத்தது. அந்த ஊர் நாத்திகர்களுக்கும் இதே தலைவலிதான். அவர்களில் ஒருவரான தத்துவப் பேராசிரியர் டேனியல் டென்னட், 2006-இல் பெருந்தமனி கிழிந்து, பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் பிழைத்தார். தேறியதும் ஒரு கட்டுரை எழுதினார். கடவுளுக்குப் போக வேண்டியதாக மற்றவர்கள் நினைத்த நன்றியை மருத்துவர், செவிலியர், எக்ஸ்ரே எடுத்தவர், சாப்பாடு கொண்டுவந்தவர், அறையைக் கூட்டியவர், துணி துவைத்தவர் என்று பிரித்துக் கொடுத்தார். கடவுள் கணக்கை மூடுகிறவன், அதிலிருந்த தொகையை உரியவர் பெயரில் வரவு வைக்க வேண்டும் என்பது இதிலிருந்து கட்டுரையாளர் வகுத்துக்கொண்ட விதி.

சித்தப்பாவுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே கணக்கை ஆரம்பித்தார். புது அரிசி என்பது பேச்சுக்குத்தான். சம்பா பெரும்பாலும் பொங்கலன்றைக்கு வயலில்தான் நிற்கும். பானையில் விழுந்தது ரேஷன் பச்சரிசி. ஆகவே 2025-இல் ரேஷன் அட்டைக்கு ஒரு கிலோ பச்சரிசியும் ஒரு கிலோ சர்க்கரையும் ஒரு முழுக் கரும்பும் கொடுத்த அரசாங்கத்துக்கு முதல் நன்றி. வயலில் நிற்கும் சி.ஆர். 1009 எங்கே பிறந்தது? ஒடிசாவில், கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில். அங்கே ஒரு நன்றி. நாற்று நட்டவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து ரயிலேறி வந்த இளைஞர்கள். பாசிப்பருப்பு வடக்கே. முந்திரி பண்ருட்டி என்றுதான் சொல்வார்கள், ஆனால் அங்கே உடைக்கிற கொட்டையில் ஒரு பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. ஏலக்காய் இடுக்கி மலை. தண்ணீர், 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணை. அதற்கு மேலே போனால் கிருஷ்ணராஜசாகர், அதாவது கர்நாடகம். உச்ச நீதிமன்றம் 2018-இல் நமக்கு ஒதுக்கிய 177.25 டி.எம்.சி.யைத் திறந்துவிட்ட மாதத்துக்கு நன்றியும் விடாத மாதத்துக்கு வேறொன்றும் சொல்ல வேண்டுமா என்ற இடத்தில் விவாதம் சூடாகிவிட்டது. கட்டுரையாளரின் பாதுகாப்பு கருதி அப்பகுதி இங்கே விடப்படுகிறது.

வயலில் இறங்கி வேலை செய்தவர்களுக்கான நன்றி இந்தப் படுகையில் வேடிக்கை அல்ல. பொங்கலன்று பண்ணையாளுக்கு ஒரு வேட்டி, ஒரு தேங்காய், கொஞ்சம் நெல். மறுநாள் மாட்டுக்குத் தனிப் படையல். அதே பண்ணையாளை நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி ஒரு சட்டம் வர 1952 ஆக வேண்டியிருந்தது. கூலி உயர்வு கேட்டுச் சங்கமாக நின்ற தகராறில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு கொளுத்தப்பட்டார்கள். அதற்கு மூன்று வாரம் கழித்து இந்தப் பக்கமெல்லாம் பொங்கல் வந்தது. வாய்வார்த்தை நன்றியை இங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இப்படியும் ஒரு வரலாறு உண்டு.

பந்திக்குத் திரும்புவோம். சித்தப்பாவின் பட்டியல் கட்டாக் வரை, ஆப்பிரிக்கக் கடற்கரை வரை போயிற்று. வாசலில் மூன்று செங்கல்லை வைத்து, நாலு மணிக்கே எழுந்து, பச்சை விறகோடு மல்லுக்கட்டிக் கண்ணெரியப் பொங்கிய ஆள் மட்டும் அதில் இல்லை. பரங்கி, அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி எல்லாம் போட்ட கூட்டுக்குழம்பைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு அந்த ஆள் அப்போது அவருக்கு எதிரிலேயே நின்றிருந்தார். அதைக் கேட்டதற்குச் சித்தப்பா, “வீட்டு ஆளுக்கு என்னத்துக்கு தம்பி நன்றி? அது வேத்து ஆள் மாதிரில்ல ஆயிடும்” என்றார்.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் வீடுகளில் நன்றி வேறு வேடங்களில்தான் வரும். இரண்டாம் முறை கேட்டு வாங்குவது, ‘போதும் போதும்’ என்று கையால் இலையை மறைத்தபடி விரலிடுக்கில் இடம் விடுவது, ‘நேத்து ரசம் நல்லாருந்துச்சு’ என்று இன்றைய ரசத்தைக் குத்திக்கொண்டே நேற்றையதைப் புகழ்வது, கடைசியில் இலையைத் தன் பக்கமாக மடிப்பது. திருவள்ளுவரும் தன் கட்சிதான் என்றார் சித்தப்பா. ஒன்பதாம் அதிகாரம் விருந்து, பத்தாவது இன்சொல், பதினொன்றாவது செய்ந்நன்றி. கடவுள் வாழ்த்து எங்கேயோ முதலிலேயே நின்றுவிட்டது, பார்த்தியா? பார்த்தேன். விருந்துக்கும் நன்றிக்கும் நடுவில் இன்சொல்லை வைத்த காரணம்தான் அவர் கண்ணில் படவில்லை. ஆறாம் அதிகாரம் வாழ்க்கைத் துணைநலம் என்பதும்.

சித்தியிடம் தனியே கருத்துக் கேட்கப்பட்டது. “சாமிக்குத்தான் ஒண்ணும் சொல்லமாட்டாரு. சரி. அந்த மிச்சத்த எனக்காவது சொல்லப்படாதா?” மேலே சொன்ன விதியை டென்னட்டைப் படிக்காமலேயே சித்தி எட்டியிருப்பது கவனிக்கத்தக்கது.

எனவே மாட்டுப் பொங்கலன்று மதியம் ஒரு பரிசோதனை மேற்கொள்ளப்பட்டது. சித்தப்பா நெடுநேரம் தயங்கினார். மோர்ச்சாதம் முடிந்து, இலையை மடித்து, தொண்டையைச் செருமி, சித்தியை நிமிர்ந்து பார்த்து, “சாப்பாடு ரொம்ப நல்லாருந்துச்சு. ரொம்ப நன்றி” என்றார்.

சித்தி கரண்டியைக் கீழே வைத்தார். அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். “என்னங்க பண்ணுது? நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?” என்றவர், பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய், ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து கோணேசுவரருக்கு வேண்டிக்கொண்டு வந்தார்.