மாப்பிள்ளை குழல் தேடுறார்

மாப்ள, மார்க்கையன்கோட்டை பூராவும் இதே பேச்சாக் கெடக்கு. காட்டுப்பன்னியச் சுட நீ துப்பாக்கிக் குழல் தேடுறியாம். தடிச்ச குழல் நல்லதா, மெலிசு நல்லதா, உள்ள எத்தன அங்குலத்துக்கு ஒரு முறுக்கு இருக்கணும்னு விடிய விடிய போன்ல பாக்குறியாமே? பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நீ இதுல கால்வாசி கேள்விகூடக் கேக்கல. கேட்டிருந்தா எம்மக தப்பிச்சிருப்பா.

நீ படிச்சதத் தப்புன்னு சொல்ல வரல. அமெரிக்காக்காரன் புல்வெளியில வளை தோண்டுற பிரெய்ரி நாயச் சுடுறதுக்குன்னே தனி ரைஃபிள் வச்சிருக்கான். பேருதான் நாய், சாதியில அது அணில். எடை ஒரு கிலோ சொச்சம். முந்நூறு, நானூறு கஜத்துக்கு அந்தப் பக்கம் வளைக்கு வெளிய எந்திரிச்சு நிக்கும். உக்காந்த எடத்துல ஒன்னு மாத்தி ஒன்னு சுட்டுக்கிட்டே இருப்பான். மெல்லிசுக் குழல்னா சூடேறிக் குறி நகந்துபோகும். அதனாலதான் தடிச்ச குழல். குண்டு குட்டையா 40, 50 கிரெயின் எடையில இருந்தா 14 அங்குலத்துக்கு ஒரு முறுக்கு போதும். நீளமான குண்டுன்னா 8, 7 அங்குலம்னு முறுக்கு நெருங்கணும். இல்லேன்னா குண்டு காத்துல குட்டிக்கரணம் போட்டுக்கிட்டுப் போகும்.

அடுத்தது தோட்டாவ வீட்டுலயே தயார் பண்ற கூத்து. சுட்டு முடிச்ச பித்தளக் கூட்ட அளவுக்கு அமுக்கி, புதுக் கேப்பு வச்சு, மருந்த ஒரு கிரெயின்ல பத்துல ஒரு பங்கு பிசகாம நிறுத்துப் போடுறான். ஒரு குன்றிமணி எடையே ஏறக்குறைய ரெண்டு கிரெயின் வரும். அப்ப எவ்வளவு நுணுக்கம்னு பாத்துக்க. வாழைக்கு உரம் போடுறப்ப கைக்கு வந்தத அள்ளி வீசுற ஆளு நீ. உன்ன நம்பி யாரு மாப்ள தராசக் குடுக்கிறது?

இப்ப நம்ம பன்னிக்கு வா. நூறு கிலோவத் தாண்டுற ஒத்தப்பன்னி எல்லாம் உண்டு. அணில் சாதியச் சிதறடிக்கச் செஞ்ச குண்டு அது தோலுக்கடியிலயே உடைஞ்சு நின்னுக்கும். காயம்பட்ட பன்னி உங்குழல் எந்தக் கம்பெனின்னு விசாரிக்காது, நேரா வந்து தொடையக் கிழிக்கும். அதவிட, நானூறு கஜத்துக்கு நீ எங்க போவ? வாழைக்குள்ள ராத்திரி பத்தடி தள்ளி நிக்கிறது மாடா மனுசனான்னே தெரியாது. குறி தப்புன ரைஃபிள் குண்டு கிலோமீட்டர் கணக்குல போகும். முல்லைப் பெரியாத்துக்கு அக்கரையில காவலுக்குப் படுத்திருக்கிறவனும் உனக்கு மச்சான் முறைதான்.

இன்னொன்னு கேளு. குழல் தேர்ந்தெடுக்குற வேலைய உனக்காக 1959லயே பார்லிமென்ட்டு முடிச்சு வச்சிருச்சு. ஆயுதச் சட்டம் 13வது பிரிவு. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோன்னா 20 அங்குலத்துக்குக் குறையாத வழுவழுப்புக் குழல். வெள்ளாமையக் காக்கன்னா வாய்வழியாக் கெட்டிக்கிற துப்பாக்கி. ரெண்டுலயும் முறுக்கே கிடையாது; நீ அங்குலம் எண்ணிக்கிட்டுக் கெடக்க. ரைஃபிள்தான் வேணும்னா தக்க காரணம் இருக்குன்னு அதிகாரி நம்பணும். உன் மொகத்தப் பாத்து நம்புறது செரமம்.

கையால கெட்டிக்கிறதையும் என்னமோ நேத்துத்தான் கண்டுபிடிச்ச மாதிரி பேசுற. வாய்வழித் துப்பாக்கி வச்சிருந்த கிழவங்க ஆயுசு பூராக் கையாலதானப்பா கெட்டிச்சாங்க! மருந்து, மேல நாரு, ரவை, கம்பியால ஒரு இடி, கடைசியா கேப்பு. ஒருத்தரும் கிரெயின்னு வாயத் தொறக்கல. லைசென்ஸ் இருந்துச்சு. எலக்ஷன் வந்தா துப்பாக்கியக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு, வெள்ளாமையப் பன்னி திங்கிறத வரப்புல நின்னு வேடிக்கை பாத்தாங்க. பன்னிக்கு ஏது தேர்தல் நடத்தை விதி? நீ லைசென்ஸ் இல்லாம தோட்டா தயார் பண்ணுனா, 2019 திருத்தத்துக்கப்புறம் கொறஞ்சது 7 வருசம், கூடுனா ஆயுள். எம்மக மனு போட்டு மாசாமாசம் வந்து பாப்பா, கவலப்படாத.

சரி, துப்பாக்கி கைக்கு வந்துருச்சுன்னே வச்சுக்குவோம். பன்னியச் சுட அது போதாது. 1972 வனவிலங்குச் சட்டத்துல, 2022 திருத்தத்துக்கப்புறம் பன்னி ரெண்டாவது அட்டவணையில இருக்கு. வெள்ளாமைய அழிச்சாலும் அதிகாரி எழுதிக் குடுக்காம தொடக்கூடாது. 2025 ஜனவரியில நம்ம அரசு ஒரு கணக்குச் சொல்லுச்சு. காப்புக்காட்டுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடக்கூடாது. 1ல இருந்து 3 வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும். 3க்கு மேலதான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆளுக. ஆக, ராத்திரி பன்னி வந்ததும் சர்வேயரக் கூப்பிட்டுச் சங்கிலி போட்டு அளக்கணும். அதுவரைக்கும் அது நகராம நின்னா சரி. குமுளிக்கு அந்தப் பக்கம் கேரளாவுல, 2022லயே உள்ளாட்சித் தலைவர்கிட்ட அந்த அதிகாரத்தக் குடுத்துட்டாங்க. அவர் உத்தரவு போட்டா லைசென்ஸ்காரன் சுடலாம். நம்ம பன்னி மலையேறி அங்க போயிருச்சுன்னா உனக்குப் பாதி வேலை மிச்சம்.

அதுக்காக அவுட்டுக்காய் வெடி, திருட்டுக் கரண்டுன்னு புத்தியக் கெடுத்துக்காத. அது பன்னிய மட்டும் பாத்துப் பிடிக்காது. யானை மாட்டும், விடியக்காலம் தண்ணி பாய்ச்சப் போறவன் மாட்டுவான். சோலார் வேலி போடணும்னா 2023ல வந்த விதிப்படி வனத்துறையில பதிஞ்சுட்டுப் போடு. மக்காச்சோளத்தச் சுத்தி ஆமணக்க நெருக்கி நடு. சேதமான அன்னைக்கே போட்டோ எடுத்து மனுக்குடு. இவ்வளவு நேரம் போன நோண்டுற ஆளு, அதையாவது செய்யலாம்ல?

மத்தபடி ராத்திரிக் காவலும் பழைய சேலையும்தான். தோட்டத்தச் சுத்திக் கலர் கலராக் கட்டி விட்டா கொஞ்ச நாளைக்கு மெரளும். அப்புறம் பழகிரும், எடத்த மாத்திக் கட்டணும். உங்க அத்தகிட்ட டிரங்குப் பெட்டி நெறையக் கெடக்கு. நான் கேட்டா ஒன்னும் பேராது. ஒத்தப்பன்னிய நேருக்கு நேரா நின்னு சுடுற வீரன் நீ, நீயே உள்ள போய்க் கேளு. நான் திண்ணையில உக்காந்திருக்கேன். சத்தம் கேட்டா ஓடுறதுக்கு எனக்குக் கொஞ்ச நேரம் வேணும்.